கடலில் விட்ட காய்கள்

என் ராசா,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க ஒரு கடிதம் தேவையில்லை. தினமும் சாயங்காலம் போனில் உன் முகத்தைப் பார்த்துவிடுகிறேன். ஆனால் போனில் எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ “சரிம்மா, சரிம்மா” என்கிறாய். அதற்குள் உன் அப்பா என் கையிலிருந்து போனை வாங்கி, அங்கே மழை உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார். துபாயில் இருப்பவனிடம் வருஷம் முழுவதும் மழையைப் பற்றிக் கேட்கிற மனுஷர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் சரண்யாவும் பாப்பாவும் உன்னிடம் வந்து சேரும்போது இந்தக் கடிதம் சரண்யாவின் கைப்பையில் இருக்கும். பெட்டியில் வைத்தால் ஊறுகாய் எண்ணெய் பட்டுவிடும் என்று கைப்பையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்களைப் பார்த்த சந்தோஷத்தில் இதை எங்கேயாவது போட்டுவிடாதே. லீவு நாளில் உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் பெண்டாட்டி பிள்ளைக்கு விசா வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். வீடு வெறிச்சென்று போகப் போகிறதே என்ற வருத்தமும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியது இல்லை. இது காய்கறியைப் பற்றியது. சிரிக்காதே. இப்போது உன் மகள் தட்டில் மூன்று காய் வைத்தால் மூன்றையும் தொட்டுப் பார்க்கிறாள். வருஷ ஆரம்பத்தில் உருளைக்கிழங்கைத் தவிர எதையும் பார்க்கக்கூட மாட்டாள். நடுவில் என்ன நடந்தது என்பது உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். முழுசாகத் தெரியாமல் நீ அங்கே உன் பழைய பழக்கத்தில் இருந்தால், இங்கே நாங்கள் பட்ட பாடெல்லாம் ஒரே வாரத்தில் வீணாகிவிடும். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது.

காசியிலிருந்து தொடங்குகிறேன். பாப்பா பிறப்பதற்கு முன்பே நானும் உன் அப்பாவும் ஊர்க்காரர்களோடு காசிக்குப் போய்வந்தது உனக்குத் தெரியும். காசிக்குப் போனால் மனசுக்குப் பிடித்த ஒரு பழத்தையோ காயையோ விட்டுவிட்டு வர வேண்டும், அதற்குப் பிறகு அதைத் தொடக்கூடாது என்பது நம் வழக்கம். நான் பலாப்பழத்தை விட்டேன். கீரமங்கலத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, கொல்லையில் இரண்டு பலாமரத்தை வைத்துக்கொண்டு பலாப்பழத்தை விடுவது என்றால் என்ன என்று யோசித்துப் பார். சித்திரை வைகாசியில் தெருவே மணக்கும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊருக்கெல்லாம் சுளை எடுத்துக் கொடுப்பேன். உன் அப்பா எதை விட்டார்? பாகற்காயை. பந்தல் போட்டுப் பாகற்காய் பயிர் செய்கிற மனுஷர், பிறந்ததிலிருந்து ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை, அதைப் போய்க் கங்கையில் நின்று பயபக்தியோடு விட்டுவிட்டு வந்தார். கமிஷன் கடைக்காரர் இன்றைக்கும் மூட்டையை இறக்கும்போது, “என்னண்ணே, காசிக்காய் வந்துருச்சா?” என்றுதான் கேட்கிறார். இவரும் வெட்கமில்லாமல் சிரிப்பார்.

காசியிலிருந்து கொண்டுவந்து இத்தனை வருஷமாகச் சாமி அலமாரியிலேயே இருந்த தண்ணீரை ராமேஸ்வரத்தில் சேர்க்க வேண்டும் என்று போன அரைப்பரீட்சை லீவில் எல்லோரும் வேன் பிடித்துப் போனோம். அங்கே கடலில் நிற்கும்போதுதான் பாப்பா என் சேலையைப் பிடித்துக்கொண்டு, காசியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். நானும் சொன்னேன். அவள் தாத்தாவை ஐயா என்றுதானே கூப்பிடுவாள். “ஐயா எதை விட்டாங்க அப்பத்தா?” என்றாள். பாகற்காய் என்றேன். “ஐயாவுக்குத்தான் பாகற்காயே புடிக்காதே!” என்று கடற்கரைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் போய் நின்று, கை இரண்டையும் கூப்பி, “சாமி, நான் கத்தரிக்காய விட்டுட்டேன். வெண்டைக்காய விட்டுட்டேன். கேரட்டு, பீன்ஸு, கீரை எல்லாத்தையும் விட்டுட்டேன். உருளைக்கிழங்கு மட்டும் எனக்கு இருக்கட்டும்” என்று சொல்லி முங்கி எழுந்தாள்.

நீ அப்போது போனில் இருந்தாய். இன்னொரு தரம் சொல்லச் சொல்லி வீடியோ எடுக்கவைத்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டதும் நீதான். பொன்னமராவதிச் சித்தி வரைக்கும் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

வீட்டுக்கு வந்த மறுநாள் சரண்யா பீன்ஸ் பொரியல் வைத்தாள். பாப்பா தட்டைத் தள்ளிவிட்டு, “நான்தான் சாமிகிட்ட விட்டுட்டேனே” என்றாள். சரண்யா, “அதெல்லாம் வெளையாட்டுக்குச் சொன்னது, சாப்பிடு” என்று ஊட்டப் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? “கடல்ல நின்னு சொன்ன சொல்லும்மா. வெளையாட்டாச் சொன்னாலும் சொன்னதுதான். மீறுனா சாமி கண்ணக் குத்திப்புடும்” என்றேன். பாதி வேடிக்கையாகத்தான் சொன்னேன். மீதிப் பாதி ஏன் வந்தது என்று உனக்குச் சொல்கிறேன். நான் அத்தனை வருஷம் பலாப்பழத்தைத் தொடாமல் இருந்தவள். சொன்ன சொல்லைக் காப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. எல்லோரும் இஷ்டத்துக்கு விடலாம், இஷ்டத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் மட்டும் எதற்கு மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தேன்? அதோடு, அம்மா ஊட்ட வந்தால் பிள்ளை ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதும் எனக்கு இனிக்கத்தான் செய்தது. மாமியார் என்றால் அந்த அளவுக்காவது இருக்க மாட்டாளா?

அப்புறம் தினமும் உருளைக்கிழங்குதான். வறுவல், மசாலா, பொடிமாஸ் என்று பெயரை மாற்றி மாற்றி ஒரே கிழங்கைப் போட்டோம். கட்டுமாவடியிலிருந்து மீன் வந்தால் இரண்டு துண்டு மீன். பள்ளிக்கூடத்துக்கும் உருளைக்கிழங்கு, ராத்திரிக்கும் உருளைக்கிழங்கு. பிள்ளை வெளிக்குப் போக முடியாமல் காலையில் உட்கார்ந்து அழும். வாய் ஓரத்தில் புண் வந்தது. வேன் டிரைவர், “பாப்பா ஏறுனதும் தூங்கிருதும்மா” என்றார். நான் வெயில் என்று சொன்னேன், பூச்சித் தொல்லை என்று சொன்னேன், யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். கடைசியில் ஒருநாள் காலையில் பிரேயரில் நிற்கும்போது மயங்கி விழுந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அன்றைக்கு உன்னிடம் “வெயிலுக்கு லேசா மயக்கம்” என்றுதான் சொன்னோம். லேசாக இல்லை தம்பி. நான் போய்ப் பார்த்தபோது பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது.

புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, ரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது என்று மருந்து எழுதினார். பாப்பாவைப் பார்த்து, “என்ன காய்டா சாப்பிடுவ நீ?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இவள் நிமிர்ந்து உட்கார்ந்து, “நான் எல்லாக் காயையும் சாமிக்கு விட்டுட்டேன் டாக்டர்” என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். சரண்யா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த குழந்தை படத்தைப் பார்த்தேன். மருந்து கொடுங்கள், ஆனால் மருந்தையே நம்பிக்கொண்டிருக்காதீர்கள், கீரை, காய், பயறு, முட்டை எல்லாம் கலந்து சாப்பிடப் பழக்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும்தான் சரண்யா வாயைத் திறந்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. “அத்தை, சாமிக்குக் காயி வேணாம். எம் புள்ளைக்குத்தான் வேணும். நீங்க அவ மனசுல போட்டு வச்சதை நீங்களே எடுத்து விடுங்க. என்னால முடியலைங்க” என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் பாகல் பந்தலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா பின்னாலேயே வந்தார். எனக்குப் பரிந்து பேசுவார் என்று பார்த்தால், “அந்தப் புள்ள சொன்னதுல என்ன தப்பு? நீ பலாப்பழத்த விட்ட பவுசுக்கு, அது ரத்தமில்லாமக் கெடக்கணுமா?” என்றார். பாகற்காயை விட்ட மனுஷர் எனக்குப் புத்தி சொல்கிறாரே என்று இன்னும் எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

மத்தியானம் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, “அப்பத்தா சும்மாதான் சொன்னேன். சாமி ஒண்ணும் செய்யாது. நீ காயி சாப்பிடலாம்” என்றேன். அவள் என்னையே பார்த்தாள். “அப்ப நீங்க ஏன் பலாப்பழம் சாப்பிட மாட்டேங்கிறீங்க? சாமி ஒங்க கண்ணக் குத்தும்னுதானே?” என்றாள். மாட்டிக்கொண்டேன். அவள் அடமாகச் சாப்பிடாமல் இருக்கிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு அது எப்போதோ பயமாக மாறியிருந்தது. சரண்யா ஒரு துண்டு கேரட்டை உதட்டருகில் கொண்டுபோனாலே கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஏன் மூடிக்கொள்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

கொல்லையில் முதல் பலா பழுத்திருந்தது. உன் அப்பாவை வெட்டச் சொன்னேன். “யாருக்கு?” என்றார். “எனக்கு” என்றேன். அவர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் பாப்பாவை எதிரில் உட்காரவைத்தேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கும் பயமாகத்தான் இருந்தது. காசி விசுவநாதா, குத்தணும்னா என் கண்ணைக் குத்திக்க, இந்தப் பிள்ளையை விட்டுவிடு என்று மனசுக்குள் சொல்லிவிட்டுச் சுளையை வாயில் வைத்தேன். அத்தனை வருஷம் கழித்து அந்தத் தித்திப்பு நாக்கில் பட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. அவ்வளவுதான், பாப்பா வீட்டையே தூக்குகிற மாதிரி அலறினாள். “அப்பத்தா கண்ணச் சாமி குத்திருச்சு! அம்மா, ஓடி வாங்க! அப்பத்தா கண்ணுலேர்ந்து தண்ணியா வருது!”

சரண்யா கரண்டியோடு ஓடிவந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லாத்தான் இருக்கேன், நல்லாத் தெரியுது என்கிறேன், இவள் நம்பினால்தானே? என் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, “இது எத்தனை?” என்றாள். மூணு என்றேன். “இது?” ரெண்டு என்றேன். விரலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றி மாற்றி நீட்டினாள். எல்லாம் சரியாகச் சொன்ன பிறகுதான் அழுகை நின்றது. அப்போதும் முழுசாக நம்பவில்லை. அன்று பொழுது சாயும் வரைக்கும் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாலும், துணி மடித்தாலும் வந்து விரலை நீட்டிவிட்டுப் போவாள். கடைசியாக என் மடியில் வந்து படுத்துக்கொண்டு, “சாமி நல்லவருதான் போல அப்பத்தா” என்றாள். அதற்கப்புறம் நான் இன்னொரு சுளை எடுக்கவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். நம்ப வேண்டாம், எடுத்தேன்.

பயம் போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. உருளைக்கிழங்குக்கே பழகிய நாக்கு மற்றதை ஏற்றுக்கொள்ளவில்லை. சாமி கண்ணைக் குத்தும் என்று சாப்பிடாதவள், இப்போது நல்லா இல்லை என்று சாப்பிடவில்லை. அப்போதுதான் உன் அப்பா வீரமாக முன்வந்தார். தானும் காசியில் விட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, பாகற்காய்ப் பொரியல் வைக்கச் சொன்னார். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்துவிட்டு, “ஆகா! என்ன ருசி, என்ன ருசி!” என்று தலையை ஆட்டினார். உன் மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஐயா பொய் சொல்றாங்க. வாயி சிரிக்குது, தொண்டை முழுங்க மாட்டேங்குது” என்றாள். மாட்டிக்கொண்ட மனுஷர் இனி நடிக்க முடியாமல், கண்ணை மூடி மூஞ்சியைக் கசக்கிப் போட்ட துண்டு மாதிரி ஆக்கிக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினார். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொரு தரம் செய்யச் சொன்னாள். செய்தார், பாவம். பிறகு அவளாகவே, “எனக்குப் பாகற்காய் வேணாம், பீன்ஸு குடுங்க. அதுக்கு நான் மூஞ்சியக் கோணிக்கிறேன்” என்றாள். ஒரு பீன்ஸ் துண்டு உள்ளே போனது. முகம் எட்டுக் கோணலாகப் போனது, ஆனால் துண்டு உள்ளே போனது. சரண்யா அடுக்களைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நானும் பின்னாலேயே போய், “நீ சொன்னது சரிதான் தாயி” என்றேன். நான் அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீ அதைப் பெரிதுபடுத்திப் போனில் கிண்டல் செய்யாதே.

அன்றிலிருந்து நம் வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தக் காயானாலும் முதல் வாயைப் பெரியவர்களில் ஒருவர் எடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மூஞ்சியைக் கோணலாம், துப்பக்கூடச் செய்யலாம், யாரும் திட்டக்கூடாது. ஆனால் பொய் சொல்லக்கூடாது. சாப்பிட்டால் போன் தருகிறேன், மிட்டாய் தருகிறேன் என்ற பேச்சும் கூடாது என்று சரண்யா சொல்லிவிட்டாள். நான் ஒரு தடவை கெட்டிக்காரத்தனமாகக் கீரையை அரைத்து இட்லி மாவில் கலந்துவிட்டேன். பச்சை இட்லியைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு வெள்ளை இட்லியையும் பிய்த்துப் பிய்த்துச் சோதித்துத்தான் சாப்பிட்டாள். சரண்யா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையே போதும்.

பிள்ளைக்குச் சமைக்க உட்கார்ந்தபோதுதான் பெரியவர்கள் எங்கள் லட்சணமும் தெரிந்தது. சுரைக்காய் சளி பிடிக்கும் என்று நான் வாங்குவதில்லை. வாழைக்காய் வாயு என்று உன் அப்பா தொடுவதில்லை. கத்தரிக்காய் அரிக்கும், முள்ளங்கி நாறும், பூசணிக்காய் திருஷ்டிக்கு உடைக்கிறது. காசிக்குப் போகாமலே இத்தனையையும் விட்டுவிட்டு, ஐந்தாறு காயையே மாற்றி மாற்றிச் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிள்ளை ஒரே அடியாக விட்டதை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கிறோம். இப்போது சந்தைக்குப் போனால் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவளுக்குப் பேர் தெரியாத காய் ஒன்றை அவளே எடுக்க வேண்டும். முதலில் கோவைக்காயை எடுத்தாள், பொம்மைக்கு வாங்குகிற மாதிரி. அடுத்து புடலங்காய், அவள் உயரத்துக்கு இருந்தது, அதைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தை முழுக்க நடந்தாள். கீரைக்காரம்மா இப்போதெல்லாம், “எங்கேம்மா என் பேத்தி, இங்கிட்டு வரச் சொல்லுங்க” என்று தேடுகிறார். எடுத்த காயெல்லாம் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோவைக்காய் பிடித்தது, பீர்க்கங்காய்த் துவையல் பிடித்தது, வெண்டைக்காய் முறுகலாக இருந்தால் மட்டும், கொழகொழவென்றிருந்தால் கூடாது. கத்தரிக்காய் இன்றைக்கும் ஆகவில்லை. ஆகாவிட்டால் போகிறது. மறுபடி ரத்தம் பார்த்தபோது நன்றாக ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். காலையில் அழுகையும் இல்லை. வாய்ப்புண் வந்த இடமே தெரியவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ சின்னப் பிள்ளையில் சாம்பாரில் இருக்கிற காயையெல்லாம் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைப்பாய். கல்யாண வீட்டில் பொரியல் வைக்கிறவர் நகர்ந்ததும் இலையின் ஓரத்தை மடித்து அதை மூடிவிடுவாய். அங்கே போய் அறையில் கூட்டாளிகளோடு கோழிக்குழம்பும் சோறும், இல்லையென்றால் குபூஸ் ரொட்டியும் கோழியும். அங்கே காய் கிடைப்பதில்லை என்று மட்டும் சொல்லாதே. பெரிய கடையில் அடுக்கியிருந்ததை நீயேதான் போனில் காட்டினாய், உன் அப்பா அந்தப் பாகற்காயின் பளபளப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். உனக்குச் சாப்பிட வராது என்றும் சொல்லாதே. சரண்யாவைப் பெண் பார்க்கப் போன அன்று அவள் கையால் பீட்ரூட் வைத்தாள் என்பதற்காக மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயே, நான் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன். பீட்ரூட்டைக் கண்டால் ஓடுகிறவன். வீட்டுக்கு வரும் வழியில் உன் அப்பா காதில், “ஒங்க மகன் விழுந்துட்டான்” என்றேன். மனசு வைத்தால் உன்னால் முடியும்.

நேற்று துணி எடுத்து வைக்கும்போது பாப்பா கேட்டாள், “அப்பத்தா, அங்க அப்பா என்ன காயி சாப்பிடுவாங்க?” சரண்யா துணியை மடித்துக்கொண்டிருந்தாள். “நீதான் போய்ப் பாக்கப் போறியே” என்றேன். அதற்கு அவள், “அப்பா சாப்பிடலைன்னா நானும் சாப்பிட வேணாம்ல?” என்றாள். ஆசையாகக் கேட்டாளா, ஐயத்தில் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கையில் இருந்த சட்டையை அப்படியே வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள். நான் என்ன சொல்லியிருக்க முடியும்? நான் சொல்கிற சொல்லுக்கு அவளிடம் என்ன மதிப்பு என்று பார்த்தாயிற்று. அந்தப் பதிலை நீதான் சொல்ல வேண்டும், அதையும் வாயால் சொன்னால் போதாது.

நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடப் போகிற முதல் நாளைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சரண்யாவிடம் ஏதாவது ஒரு காய் வைக்கச் சொல்லியிருக்கிறேன், எதென்று நானும் கேட்கவில்லை. பாப்பா உன் தட்டைப் பார்க்க மாட்டாள், உன் முகத்தைத்தான் பார்ப்பாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த முகத்தை அவள் பெரும்பாலும் போனில் உள்ளங்கை அளவுக்குத்தான் பார்த்திருக்கிறாள். அதில் நீ எப்போதும் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறாய். உடம்பு முடியாத நாளிலும் சிரிக்கிறாய், எனக்குத் தெரியாதா? அவளுக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவளிடம் அந்தச் சிரிப்பைக் காட்டாதே. கசந்தால் கசக்கிறது என்று முகத்தைக் கோணு, அவள் ஆசை தீரப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு விழுங்கு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிற,
அம்மா